கேரி தீவு: செம்பனைத் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே

கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, பந்திங் பட்டணத்துக்கு அருகில், லங்காட் ஆறும் மலாக்கா நீரிணையும் சூழ்ந்த பெரிய தீவு கேரி தீவு. மலாய் மொழியில் புலாவ் கேரி என்பார்கள். சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. லங்காட் ஆறு கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தெற்கே ஜுக்ரா பக்கம் போய்க் கடலில் கலக்கிறது. இன்னொரு கிளை வடக்கே கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில் சேர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலப்பரப்புதான் தீவு.

தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து வருகிறவர்கள் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் போதும், தீவுக்குள் வந்துவிடலாம். தீவுக்கு வந்துவிட்டோம் என்பதே பலருக்குத் தெரியாது. கடல் கண்ணில் படாது; சாலையின் இருபக்கமும் வரிசை வரிசையாகச் செம்பனை மரங்கள்தான் தெரியும். பாலம் இல்லாத காலத்தில் படகுதான் போக்குவரத்து. அன்றைய தோட்ட மக்களுக்கு ஆற்றைக் கடந்து பட்டணம் போவது ஒரு நாள் வேலை.

ரப்பர், செம்பனை ஆகிய இரண்டு பயிர்களால் உருவான இந்தத் தீவின் பெயர், 2017 முதல் நாட்டின் அடுத்த பெரிய துறைமுகத்துக்கான இடமாக அடிக்கடி செய்திகளில் வருகிறது. மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்த தோட்டங்களும், அவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே வாழ்ந்துவரும் மா மெரி பூர்வக்குடிக் கிராமங்களும் இங்கே இருப்பதால், தீவின் வரலாற்றை அறிந்து வைத்திருப்பது நல்லது.

பெயர் வந்த விதம்

தீவுக்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் வாலண்டைன் ஜான் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிலாங்கூரில் தோட்டத் தொழில் நடத்தியவர். தோட்டக்காரர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். மலாயாவில் காப்பி விலை சரிந்து ரப்பர் தலையெடுத்த காலம் அது. கடலோரச் சதுப்பு நிலத்தையும் காட்டையும் திருத்தினால் ரப்பர் விளையும் என்று கணக்குப் போட்ட தோட்டக்காரர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் இந்த வட்டாரத்தின் வரலாறு தோட்டங்களுக்கு முன்பே தொடங்குகிறது. தீவுக்குத் தென்கிழக்கே உள்ள ஜுக்ரா, சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்த அரச ஊர். 1873-ஆம் ஆண்டு ஜுக்ரா ஆற்று முகத்தில் ஒரு படகைக் கடற்கொள்ளையர் தாக்கியதும், அதைத் தொடர்ந்து 1874-இல் நடந்த விசாரணையும், பிரிட்டிஷார் சிலாங்கூர் ஆட்சியில் தலையிட வழி செய்தன. அந்த ஆண்டு லங்காட்டில் தங்கி அலுவல் பார்த்தவர் பிராங்க் சுவெட்டன்ஹாம். பின்னாளில் கிள்ளான் துறைமுகத்துக்கு வைக்கப்பட்ட பழைய பெயர் இவருடையதுதான். சுல்தான் அப்துல் சமாட் 1898-இல் மறைந்தார். அவருடைய கல்லறை இன்றும் ஜுக்ராவில் இருக்கிறது.

கப்பலும் காய்ச்சலும்

சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்களும் அதிகாரிகளும் படுத்துவிட்டார்கள். துறைமுகத்தையே மூடிவைக்கும் நிலை வந்தது. அதே ஆண்டு கிள்ளானுக்கு மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டிக் கொசு பெருகும் இடங்களை அழித்துக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். பிறகு அதே முறை கடலோரத் தோட்டங்களுக்கும் வந்தது. தோட்டங்களில் காடு வெட்டியவர்களும் வடிகால் தோண்டியவர்களும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். காய்ச்சலுக்கு அதிகமாகப் பலியானவர்களும் அவர்களே.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பினாங்கிலோ சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ இறங்கினார்கள். இறங்கியதும் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டு, அதன் பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டையொட்டி முடிவுக்கு வந்தது. அதன் பிறகு கங்காணி முறையே முக்கிய வழி. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், உறவினர்களையும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களையும் அழைத்து வந்தார். ஒரே லயத்தில் ஒரே ஊர்க்காரர்கள் இருந்ததற்கும், தோட்டக் கோயில்களில் ஊர்ச் சாமிகள் குடியேறியதற்கும் இதுவே காரணம். 1938-இல் இந்திய அரசாங்கம் உதவியுடன் கூடிய தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதற்குப் பிறகு தோட்டங்களில் வளர்ந்த தலைமுறை இந்த மண்ணிலேயே பிறந்தது.

கடல் மட்டத்தில் ஒரு தோட்டம்

தீவின் நிலம் தட்டையானது. பெரும்பகுதி கடல் ஏற்றத்தின்போது உயரும் நீர்மட்டத்தைவிடத் தாழ்வானது. கடலோரம் நெடுகக் கரை மேடு கட்டி, உள்ளே வாய்க்கால் வெட்டி, மதகு வைத்தால்தான் பயிர் செய்ய முடியும். கடல் வற்றும்போது மதகைத் திறந்து உள்நீரை வெளியே விடவேண்டும், ஏறும்போது மூடவேண்டும். கரை ஓரிடத்தில் உடைந்தாலும் உப்புநீர் உள்ளே புகுந்து மரங்களைக் கெடுத்துவிடும். தோட்டத்தில் வெட்டு வேலையைப் போலவே கரையையும் மதகையும் பார்த்துக்கொள்வதும் தினசரி வேலை. கடல் சேறு படிந்து உண்டான களிமண் வளமானது. நீரைச் சரியாக நிர்வகித்தால் செம்பனை நன்றாகக் காய்க்கும். கேரி தீவுத் தோட்டங்கள் விளைச்சலுக்குப் பெயர் பெற்றது இதனால்தான்.

மலாயாவில் செம்பனையை முதன்முதலில் வணிக அளவில் நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியர். இடம், இதே சிலாங்கூரில் உள்ள தென்னமாராம் தோட்டம், ஆண்டு 1917. ரப்பர் விலை ஏறி இறங்கிய பிறகு, 1960-களிலிருந்து நாடு முழுவதும் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பால் வெட்டிய கைகள் குலை வெட்டப் பழகின. வேலையின் தன்மையே மாறியது. பால்மரம் வெட்ட விடியற்காலையில் பிரட்டுக்குப் போகவேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. செம்பனையில் நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் குலையை அறுப்பது ஆண்களின் வேலையானது. உதிர்ந்த பழங்களைப் பொறுக்குவதும், உரம் போடுவதும், மருந்து தெளிப்பதும் பெண்களின் பங்காயின. 1981-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டினம் கொண்டுவரப்படும் வரை, செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவும் வேலையையும் மனிதர்களே செய்தார்கள். வண்டு வந்த பிறகு அந்த வேலை தோட்டங்களில் இல்லாமலே போனது.

வெட்டிய குலையை நீண்ட நேரம் வைத்திருக்க முடியாது. தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். ஆகவே ஆலை தோட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கேரி தீவிலும் எண்ணெய் ஆலைகள் தோட்டங்களின் நடுவிலேயே அமைந்தன. செம்பனை ஆராய்ச்சி நிலையமும் தீவில் இருக்கிறது.

தோட்ட உரிமை பல கைகள் மாறியது. ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட் வழிவந்த நிறுவனம் பிறகு கோல்டன் ஹோப் ஆனது. 2007-இல் கோல்டன் ஹோப், கத்ரி, சைம் டார்பி ஆகிய மூன்றும் ஒன்றாக இணைக்கப்பட்டன. தோட்டப் பிரிவு தனி நிறுவனமாகி, 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியது. நிறுவனத்தின் பெயர் எத்தனை முறை மாறினாலும், தோட்ட மக்களின் பேச்சில் கிழக்குத் தோட்டம், மேற்குத் தோட்டம், தெற்குத் தோட்டம் என்ற பெயர்கள் மட்டும் மாறவில்லை.

வேலைநிறுத்தம், போர், அவசரகாலம்

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் மலேசியத் தமிழர் வரலாற்றில் முக்கியமானது. கிள்ளானில் இயங்கிய இந்தியர் சங்கத்தின் சார்பில் ஆர். எச். நாதன் தொழிலாளர்களைத் திரட்டினார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும், கொடுமை செய்யும் கிராணிகளை மாற்ற வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வியும் நோயாளிகளுக்கு மருத்துவமும் வேண்டும் என்பவை கோரிக்கைகள். துரைக்கும் கிராணிக்கும் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. கூலியோடு மரியாதையையும் சேர்த்தே அவர்கள் கேட்டார்கள். 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் சிலாங்கூர் முழுவதும் பரவியது. இராணுவம் இறக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் படையெடுப்பு. சயாம் – பர்மா ரயில் பாதைக்கு சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படைகள் கரையிறங்கிய மோரிப் கடற்கரை, கேரி தீவுக்குத் தெற்கே இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட பின் கோல லங்காட் மீண்டும் பதற்றத்துக்குள்ளானது. ஜென்ஜாரோம் போன்ற புதுக்கிராமங்கள் அப்போது உருவானவை. அந்தக் காலத்து வாழ்க்கையை எழுத்தாளர் அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' என்ற நாவலில் பதிவு செய்திருக்கிறார். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவான பிறகு, கூலிப் பேச்சுவார்த்தை நாடு தழுவிய ஒப்பந்தங்களுக்கு மாறியது.

மா மெரி மக்கள்

தீவில் முதலில் குடியிருந்தவர்கள் மா மெரி பூர்வக்குடியினர். தீபகற்ப மலேசியாவின் 18 ஓராங் அஸ்லி இனங்களில் அவர்களும் ஓரினம். சுங்கை பும்புன், சுங்கை ஜூடா, சுங்கை ரம்பை உள்ளிட்ட கிராமங்களில் வாழ்கிறார்கள். மீன்பிடித்தல், சதுப்புக்காட்டுப் பொருள் சேகரித்தல், சிறு விவசாயம், தோட்ட வேலை என்று பல தொழில் செய்கிறார்கள்.

இவர்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியது மரச்சிற்பம். சதுப்புக்காட்டில் வளரும் ஞிரே பத்து என்ற செந்நிற மரத்தில், முன்னோர் ஆவிகளின் உருவங்களைச் செதுக்குகிறார்கள். சங்கிலியில் கட்டுண்ட புலியின் உருவம் மிகப் புகழ்பெற்றது. ஒரே மரத்துண்டில், எங்கும் ஒட்டாமல் சங்கிலிக் கண்ணிகள் தனித்தனியே அசையும்படி செதுக்குவார்கள். இவர்களின் கைவினைக்கு யுனெஸ்கோவின் தரச்சான்று கிடைத்திருக்கிறது. முகமூடி அணிந்து ஆடும் 'மாயின் ஜோஓ' நடனமும், முன்னோரை வணங்கும் 'ஹரி மோயாங்' திருநாளும் தீவுக்கு வெளியூர் மக்களை வரவழைக்கின்றன. நீபா ஓலையை மடித்துப் பூ, பறவை வடிவங்கள் செய்வதில் பெண்கள் கைதேர்ந்தவர்கள். நம் வீட்டு வாசலில் தென்னங்குருத்தில் தோரணம் பின்னுகிறவர்களுக்கு அந்த வேலையின் நுட்பம் உடனே புரியும்.

குலசாமிக்குப் படையல் வைக்கும் தோட்டத் தமிழருக்கும் மோயாங்கை வணங்கும் மா மெரி மக்களுக்கும் இன்னொரு பொதுமையும் உண்டு. இரு தரப்பும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர்கள் குறைவு.

பள்ளியும் கோயிலும்

தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படிப் பிறந்தவைதான் பெரும்பாலான தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். கேரி தீவில் உள்ள தமிழ்ப்பள்ளிகளும் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஒரு காலத்தில் லயத்துப் பிள்ளைகளால் நிறைந்திருந்த வகுப்பறைகளுக்கு இன்று போதுமான மாணவர்கள் கிடைப்பது கடினமாகிவிட்டது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. குலை வெட்டும் வேலையில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் இளைஞர்கள் தெலுக் பங்லிமா காராங் தடையற்ற வாணிப வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும், கிள்ளான் துறைமுகத்துக்கும், லாரி ஓட்டவும், அலுவலகங்களுக்கும் போகிறார்கள். திருமணமாகிப் பந்திங்கிலோ கிள்ளானிலோ வீடு வாங்கிக் குடியேறுகிறார்கள். ஆனாலும் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால், தீவைவிட்டுப் போனவர்களும் குடும்பத்தோடு திரும்பி வருகிறார்கள். மற்ற நாட்களில் தீவுக்கு வருகிறவர்களில் கணிசமானோர் கடலுணவு உணவகங்களுக்கும் உல்லாச விடுதிக்கும் வருகிறவர்கள்.

துறைமுகத் திட்டம்

கிள்ளான் துறைமுகம் இன்று உலகின் பெரிய கொள்கலன் துறைமுகங்களில் ஒன்று. வடதுறைமுகம், மேற்குத் துறைமுகம் என்ற இரு முனையங்களும் சேர்ந்து 2024-இல் 1 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான கொள்கலன்களை, இருபதடிப் பெட்டிக் கணக்கில், கையாண்டன. மேற்குத் துறைமுகம் அமைந்திருக்கும் புலாவ் இண்டாவும் ஒரு தீவுதான். முன்பு புலாவ் லுமூட் என்று அழைக்கப்பட்ட அந்தச் சதுப்புத் தீவு, 1990-களில் துறைமுகத் தீவாக மாறியது. அதற்கு அடுத்த தீவு கேரி தீவு. கடலோர ஆழமும், ஒரே நிறுவனத்தின் கையில் பரந்து கிடக்கும் நிலமும் திட்டமிடுவோர் கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

2017 ஜனவரியில், கேரி தீவில் மூன்றாவது துறைமுகமும் அதையொட்டித் தொழில் நகரமும் அமைக்கும் எண்ணத்தை அரசாங்கம் வெளியிட்டது. 20,000 கோடி ரிங்கிட் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சைம் டார்பி புரோப்பர்ட்டி, எம்எம்சி துறைமுக நிறுவனம், இந்தியாவின் அதானி துறைமுக நிறுவனம் ஆகியவை தீவில் கடல்சார் நகரம் அமைக்கும் சாத்தியத்தை ஆராயப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு வேகம் தணிந்தாலும் பேச்சு நிற்கவில்லை. 2022-இல் வெளியான முதலாவது சிலாங்கூர்த் திட்டம், கோல லங்காட்டையும் சிப்பாங்கையும் சேர்த்துத் தென் சிலாங்கூர் மேம்பாட்டு வட்டாரமாக வகுத்தது. இன்னொரு பக்கம், மேற்குத் துறைமுகம் தன் ஆற்றலை 1 கோடியே 40 லட்சம் பெட்டிகளிலிருந்து 2 கோடியே 70 லட்சமாக உயர்த்தும் விரிவாக்கத்தில் இறங்கியிருக்கிறது. அந்த இடம் நிரம்பும் வரை மூன்றாவது துறைமுகத்துக்கான அவசரம் குறைவு. தீவு மக்களுக்கு இது கிடைத்திருக்கும் அவகாசம்.

அக்கம்பக்கத்து அனுபவம்

அந்த அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்குப் பாடம் தூரத்தில் இல்லை. 1990-களில் புத்ராஜெயா உருவானபோது பேராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் மறைந்தன. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டன. சுவர் விரிசலும் பாதுகாப்பின்மையும் பற்றிய அவர்களின் குரல் ஆண்டுக்கணக்கில் ஒலித்தது. தரைவீடுகள் கட்டுவதற்கான நிதி அறிவிப்பு 2023-இல்தான் வந்தது. தோட்டத்தில் சிறுவராக இருந்தவர்கள் அதற்குள் நடுவயதைத் தொட்டுவிட்டார்கள்.

பூர்வக்குடி மக்களுக்கும் இதே வட்டாரத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. டிங்கில் புக்கிட் தம்போயைச் சேர்ந்த தெமுவான் மக்களின் நிலம், 1995-இல் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்கு எடுக்கப்பட்டது. பயிருக்கும் வீட்டுக்கும் மட்டுமே இழப்பீடு தரப்பட்டது. சாகோங் தாசி முதலானோர் தொடுத்த வழக்கில், 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அவர்களுக்கு நிலத்தின் மீதே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மா மெரி மக்களின் நிலம் பற்றிய எந்தப் பேச்சிலும் இந்தத் தீர்ப்பு முன்னால் வந்து நிற்கும்.

தோட்டத் தமிழருக்கு அப்படி ஒரு மரபுநில உரிமை சட்டத்தில் இல்லை. வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதே தோட்டத்து நடைமுறை. கோயில், இடுகாடு, பள்ளி ஆகியவை பல தோட்டங்களில் நிறுவன நிலத்திலேயே நிற்கின்றன. நிலம் கைமாறும்போது முதலில் கேட்கப்படுவது ஆவணம். கோயில் நிர்வாகம் சங்கப் பதிவுத் துறையில் பதிவாகியிருக்கிறதா, இடுகாட்டின் எல்லை அளந்து குறிக்கப்பட்டிருக்கிறதா, பள்ளி நிலம் பள்ளியின் பெயருக்கு மாற்றப்பட்டிருக்கிறதா, தொழிலாளியின் பணிக்காலம் எழுத்தில் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை வைத்திருந்த தோட்டங்கள் மாற்றுநிலமும் வீடும் கேட்டுப் பேச முடிந்தது. விடை இல்லாத இடங்களில் மனிதாபிமான உதவித்தொகையோடு பேச்சு முடிந்துவிட்டது.

பள்ளிக்கு ஒரு கூடுதல் வழி உண்டு. மாணவர் குறைந்த தோட்டப் பள்ளியின் உரிமத்தைத் தமிழர் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதிக்கு மாற்றிப் புதுக் கட்டடத்தில் தொடர்வது நாட்டின் பல இடங்களில் நடந்திருக்கிறது. துறைமுகம் வந்து தொழில் நகரம் எழுந்தால், கேரி தீவில் மக்கள் தொகை கூடவும் கூடும். அப்போது பள்ளி அங்கேயே இருப்பதுதான் பயன். எது நல்லது என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும், திட்ட வரைபடம் இறுதியாகும் முன்பே பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இன்றைய நிலையில் கேரி தீவு செம்பனைத் தீவாகவே இருக்கிறது. ஆலைகள் ஓடுகின்றன, மதகுகள் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத் திறந்து மூடப்படுகின்றன, சுங்கை பும்புனில் சிற்பிகள் செதுக்குகிறார்கள், தமிழ்ப்பள்ளிகளில் காலை மணி ஒலிக்கிறது. தென் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை தெலுக் பங்லிமா காராங் வழியாகப் புலாவ் இண்டாவுக்குப் போவதால், கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தீவுக்கு வருவது முன்பைவிட எளிது. பழைய லயங்களையும் கோயில்களையும் பார்க்க, பெரியவர்களிடம் பேசிக் குடும்ப வரலாற்றைக் குறித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இப்போதே வந்து போகலாம்.